பெட்டி எண்ணோடு போன கேள்வி

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் கல்லூரியில் சேர்ந்த வாரமே மாமா அவளை "உலகம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "உலகம், குளிச்சாச்சா? உலகம், மோட்டார் போட்டியா? உலகம், அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு." கேலிக்குத்தான் ஆரம்பித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மாதத்தில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் குடியிருந்த எல்லோருக்கும் அவள் உலகம் ஆகிவிட்டாள். பெற்ற தாயே, "உலகம் இன்னும் எழுந்திருக்கலையா" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

அவள் படித்த படிப்பு அப்படி. உலகமயமாதல் என்று ஒரு பட்டப்படிப்பு, மூன்று வருடம். டாக்டருக்குப் படிக்கிறாள், வக்கீலுக்குப் படிக்கிறாள் என்றால் கேட்பவர்களுக்குச் சட்டென்று புரியும். இது அப்படிச் சொல்லிப் புரியவைக்கிற படிப்பில்லை. பொருளாதாரம் கொஞ்சம், வரலாறு கொஞ்சம், புவியியல், சமூகவியல், சட்டம் கொஞ்சம் கொஞ்சம். ஐந்து துறையிலிருந்தும் ஐந்து ஆசிரியர்கள் வந்து பாடம் எடுப்பார்கள். வருவார்கள் என்பதும் தப்பு, பிள்ளைகள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். காலையில் மூன்றாம் மாடி, பத்தரைக்கு எதிர்க் கட்டிடம், மதியம் நூலகத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு அறை. இந்தப் படிப்புக்கென்று சொந்தமாக அந்தக் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு இரும்பு அலமாரி. அதுவும் நடைபாதையில் நின்றது. அதன் சாவி குமாஸ்தா அக்காவிடம் இருக்கும். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சாவியக்கா.

மாமா, அம்மாவின் தம்பி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டோடு இருந்துவிட்டார். வாய் நீளம், மனசு தங்கம்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சொல்லுவாங்க. உனக்கு அஞ்சு மரம் காட்டறாங்க. எதை வெட்டப்போறே?" என்றார் ஒருநாள்.

அவள் விடவில்லை. "ஏன் மாமா, ஒரு ஃப்ரிட்ஜ் ஓடலைன்னா கம்ப்ரசரை மட்டுமா பாப்பீங்க? கரண்ட் வருதா, கேஸ் இருக்கா, கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கா, எல்லாத்தையும்தானே பாக்கறீங்க? நான் படிக்கறதும் அதுமாதிரிதான்."

மாமா யோசித்தார். நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். "சரிதான். ஆனா நான் பாத்துட்டு ரிப்பேர் பண்ணுவேன். நீ பாத்துட்டு என்ன பண்ணுவே?"

"மூணாவது வருஷத்துல சொல்லித் தருவாங்களா இருக்கும்" என்றாள். மாமா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் அடங்கினார்.

அவள் ஏன் இந்தப் படிப்பைத் தேடிப் போனாள் என்று கேட்டால் அதற்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. அப்பா வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவர். முதல் வருடம் வாரம் ஒரு போன் வந்தது, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று செய்தி வந்தது. அதோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அம்மாவோ பதினான்கு வருடமாகப் பை தைக்கும் தொழிற்சாலையில் ஜிப் வைக்கிறவள். அவள் தைத்த பைகளும் கடல் தாண்டித்தான் போயின. போகிற எதுவும் திரும்பி வராத அந்த வழி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு ஆசை விழுந்துவிட்டது. பார்த்துவிட்டால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தாள். பிள்ளை மனசு அப்படித்தான் நினைக்கும்.

அம்மாவின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையின் வாய் விளிம்பில் ஜிப்பின் துணிப்பட்டையை வைத்து, பல்லுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு நூல் இடம்கூட அதிகம் விடாமல், வளைவில் சுருக்கம் விழாமல் ஓட்ட வேண்டும். வளைவில் மிஷினை நிறுத்தினால் தையல் முண்டிப் புடைக்கும். வேகமாக ஓட்டினால் பல்லில் ஊசி ஏறி உடையும். இடது கை ஆள்காட்டி விரலால்தான் ஜிப்பை வழி நடத்துவது. பதினான்கு வருடத்தில் அந்த விரல் நகம் நடுவில் பிளந்து பிளந்து வளர்ந்து, இரண்டு நகம் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வரிசை. அம்மா இருந்தது ஏழாம் வரிசை.

ஏழாம் வரிசையில் முப்பத்திரண்டு பேர். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிற மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டை ஒன்றுதான். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

"முப்பத்திரண்டு பேருக்கு ஒரே மூத்திரப்பைன்னு நெனச்சுட்டாங்க போல" என்று அம்மா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். "காலையில டீயைக் குடிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதுதான் எங்க வேலையிலயே கஷ்டமான வேலை." அவள் எதையும் அழுது சொல்ல மாட்டாள். சிரித்துத்தான் சொல்வாள். அதனாலேயே கேட்பவர்களுக்கு அதன் எடை உடனே தெரியாது.

மூன்றாம் வருடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு ஆய்வு எழுத வேண்டும். கடையில் வாங்குகிற ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, யார் யார் கை பட்டது, யார் கையில் போய் முடிகிறது என்று பின்னாலேயே போக வேண்டும். மற்றப் பிள்ளைகள் செல்போன், சாக்லேட், காலணி என்று எடுத்தார்கள். உலகம் அம்மாவின் பையை எடுத்தாள். வேறு எதை எடுப்பாள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா துணி துவைக்கும்போது பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வாள். ஜிப் எந்த நாட்டிலிருந்து வருகிறது, நூல் எங்கிருந்து, மூலையில் தைக்கிற லேபிளை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மா துணியை அடித்துக்கொண்டே சொல்வாள். "போலீஸ்காரன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்டி" என்பாள். மஞ்சள் அட்டையையும் அப்படித்தான் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனித்தான் பெட்டி விஷயம். தொழிற்சாலையில் பைகளை அடுக்குகிற அட்டைப்பெட்டி ஓரம் கிழிந்துவிட்டால் அதைத் தூரப் போடுவார்கள். துணி வைக்க, புத்தகம் வைக்க என்று பெண்கள் அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். யாரும் தடுப்பதில்லை, வாட்ச்மேன் தேதி போட்டுப் பெயரை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஆர்டர் எண், பெட்டி எண், வரிசை எண் எல்லாம் இருக்கும். வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு கறுப்பு மார்க்கர் தொங்கும். அதை வாங்கி ஸ்டிக்கரை முழுசாகக் கறுப்படித்துவிட்டுத்தான் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. செருப்பை வெளியே விடுவதுபோல அது ஒரு பழக்கம்.

"அம்மா, ஒரே ஒரு பெட்டி, கறுப்படிக்காம கொண்டு வாயேன்" என்று கேட்டாள் மகள். "யார் வாங்கறாங்கன்னு அதுலதான் இருக்கும்."

"அதுல என்னடி இருக்கு, நம்பர்தானே" என்றாள் அம்மா. ஸ்டிக்கர் உள்பக்கம் வரும்படி பெட்டியை மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாட்ச்மேன் பழகின ஆள், பெயரை எழுதிக்கொண்டதோடு சரி, ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை.

அந்த ஸ்டிக்கரில் வாங்குகிற கம்பெனியின் பெயரும் ஊரும் இருந்தன. உலகம் அவர்களுக்கு ஒரு மெயில் எழுதினாள். நான் ஒரு மாணவி, உங்கள் பையைப் பின்தொடர்கிறேன், இந்தப் பை உங்களிடம் வந்த பிறகு எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள், இதைத் தைக்கிற இடத்தில் முப்பத்திரண்டு பேருக்குக் கழிவறை அட்டை ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். வகுப்பில் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதை எழுதினாலும் ஆதாரத்தோடு எழுது, அப்போதுதான் மதிப்பார்கள் என்று. நல்ல மாணவி, சொன்னதைச் செய்தாள். ஸ்டிக்கரில் இருந்த எண்களை ஒன்றுவிடாமல் மெயிலில் எழுதினாள், வரிசை எண் உட்பட. கல்லூரி கொடுத்த மெயிலிலிருந்து அனுப்பி, கீழே படிப்பின் பெயரையும் அலுவலக முகவரியையும் போட்டாள்.

யார் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அம்மாவின் பெயரை எழுதினால்தான் அம்மாவைக் காட்டிக்கொடுப்பது என்று நினைத்தாள். பெயரை எழுதவில்லை. ஏழு என்கிற எண்ணுக்குள் அம்மா உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பதிலே இல்லை. "அவங்களுக்கு எங்க நேரம்" என்று அவளே விட்டுவிட்டாள். ஆய்வை எழுதி முடித்து, பைண்டு செய்து, சாவியக்காவிடம் கொடுத்தும் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வருடத்தில் அந்த நேரத்துக்கு அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. சாப்பாட்டு டப்பா கையில் கனமாக இருந்தது. திறக்கவே இல்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ ஏதாவது லெட்டர் போட்டியா?"

மகள் தலையை ஆட்டினாள். நடந்தது இதுதான். மெயில் கடல் தாண்டிப் போய், அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, கடைசியில் யாரோ ஒருவர் அதைப் படித்திருக்கிறார். அவர்கள் தங்கள் ஏஜெண்டைக் கேட்டார்கள். ஏஜெண்டு தொழிற்சாலையைக் கேட்டார். பதில் வரும்வரை அடுத்த ஆர்டர் நிறுத்தம். தொழிற்சாலையில் பெட்டி எண்ணை வைத்துத் தேடினால், அது இன்ன தேதியில் கிழிந்துபோய்த் தள்ளிய பெட்டி என்று கணக்கில் இருந்தது. அன்றைக்கு ஏழாம் வரிசையில் இன்னார் பெட்டி எடுத்துப் போனாள் என்று வாட்ச்மேன் நோட்டில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"ஆமாம், என் மகதான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"ஏன் சொல்லணும்? நீ திருடினியா?" அம்மா டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். "இங்க பாரு. அவங்க உன்னைக் கூப்பிடுவாங்க. அந்த அட்டை விஷயம் பொய்னு எழுதித் தரச் சொல்லுவாங்க. சூப்பர்வைசர் அப்படித்தான் ஜாடையா பேசினான். எழுதாதே. வேலை போனா போகட்டும். என் வாயைப் பொய்யாக்காதே."

அன்றிலிருந்து மாடிப்படியில் இறங்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஏழாம் வரிசையில் வேலை செய்கிற இரண்டு பேர் அதே கட்டிடத்தில்தான் குடியிருந்தார்கள். ஆர்டர் நின்றதால் அவர்களுக்கும் வேலை பாதிதான். அவர்களில் ஒருத்தியான கீழ்வீட்டு அத்தை, குழாயடியில் வாளியை வைத்துக்கொண்டே சொன்னாள். "உன்னைக் குறை சொல்லலைடி. நீ எழுதினது நிஜம்தான். அட்டையைக்கூட எடுத்துட்டாங்க, இப்ப யார் வேணும்னாலும் எழுந்து போகலாம். ஆனா தைக்கத்தான் ஒண்ணுமில்லை. தாராளமா பாத்ரூமுக்குப் போறதுதான் இப்ப எங்க வேலை." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சரி, பூதத்தை அடக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் கல்லூரியில் இருக்கிறார்களே என்று அவள் போனாள்.

பொருளாதார சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு படம் போட்டார். "வாங்கறவன் ஒருத்தன். தைச்சுத் தரேன்னு நிக்கறவங்க நூறு பேர். இவங்களுக்குப் பேரம் பேசற பலமே கிடையாது. உங்க தொழிற்சாலைக்காரரையும் குத்தம் சொல்ல முடியாதும்மா." வரலாற்று சார், "இது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லை" என்று சொல்லி மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்தார். புவியியல் மேடம் சுவரில் இருந்த உலகப் படத்தில் விரல் வைத்து, ஆர்டர் இங்கிருந்து தப்பினால் இங்கே போகும், அங்கும் தப்பினால் இங்கே என்று காட்டினார். சட்டத்து சார், எந்த நாட்டுச் சட்டம் இதற்குச் செல்லும் என்பதே பெரிய கேள்வி என்றார். அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது. சமூகவியல் மேடம் கண் கலங்கிவிட்டார். நல்ல மனசு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மாவோட அனுபவம் பதிவாகணும். நான் ஒரு பேட்டி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

ஐந்து பேரும் சொன்னது சரிதான். ஒருவர் சொன்னதை ஒருவர் சொன்னது வெட்டவும் இல்லை. ஐந்தையும் அடுக்கி வைத்தால் அம்மா ஏன் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள் என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவிடலாம். புதன்கிழமை அவள் எப்படித் திரும்ப உள்ளே போவாள் என்பதுதான் அதில் எங்குமே இல்லை.

"யார்கிட்ட போய்ச் சொன்னா எங்கம்மாவை உள்ள விடுவாங்க மேடம்?" என்று கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அதான் எனக்கும் தெரியலைம்மா" என்றார் சமூகவியல் மேடம். பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

கல்லூரியிலிருந்து யாராவது ஒருவர் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும் என்று தோன்றியது. பொருளாதாரத்தில் கேட்டால், நீ எங்கள் துறை மாணவி இல்லையே, படிப்பின் பொறுப்பாளர்தான் எழுத வேண்டும் என்றார்கள். பொறுப்பாளர் பதவி வருடத்துக்கு ஒரு துறை என்று சுற்றி வரும். போன வருடம் வரலாறு. இந்த வருடம் புவியியல் என்று வரலாறு சொன்னது. ஆணை இன்னும் வரவில்லை என்று புவியியல் சொன்னது. ஐந்து வீட்டுக்குப் பொதுவான வாசலை யார் பெருக்குவார்கள்? சாவியக்கா மட்டும், "நான் வேணா எழுதித் தரேன், என் கையெழுத்தை யாரும் மதிக்க மாட்டாங்களே" என்று வருத்தப்பட்டாள்.

வியாழக்கிழமை தொழிற்சாலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அம்மாவிடம் சொல்லாமல், மாமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாமா வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

மேனேஜர் என்றால் பெரிய மீசையும் உறுமலுமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தாள். ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து டேப் சுற்றியிருந்தது. உட்காரச் சொன்னார். கோபமே படவில்லை. படாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன் மெயிலைப் படிச்சேன்மா. நல்லா எழுதியிருக்கே. என் பொண்ணுக்கு இப்படி எழுத வராது." கணினியைத் திருப்பிக் காட்டினார். "இது ஏஜெண்டு அனுப்பினது. நாளைக்கு மதியத்துக்குள்ள பதில் வேணுமாம். இல்லைன்னா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிடும். போனா ஏழாம் வரிசையை மூடணும்."

"அம்மாவை மட்டும் ஏன் சார் நிறுத்தினீங்க?"

"யாரையாவது நிறுத்தினேன்னு காட்டணும். காட்டினேன்."

"நீங்க மேல இருக்கறவங்ககிட்ட பேசிப் பாக்கக் கூடாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எய்தவன் இருக்க அம்பை நோகறியேம்மா. எனக்கு மேல ஏஜெண்டு. அவருக்கு மேல ஒரு ஆபீஸ். அதுக்கு மேல யாருன்னு எனக்குத் தெரியாது. நிஜமாத்தான் கேக்கறேன், உனக்குத் தெரிஞ்சா சொல்லு. நீதானே அதைப் படிக்கறே?"

அவள் ஆய்வில் ஒரு வரைபடம் இருந்தது. தொழிற்சாலை, ஏஜெண்டு, கொள்முதல் அலுவலகம், தலைமையகம், கடை என்று கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு. எந்தக் கட்டத்துக்குள்ளும் ஒரு ஆளின் முகம் இல்லை.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "அந்த அட்டை விஷயம் நீ படிப்புக்காகக் கற்பனையா சேர்த்ததுன்னு எழுது. பெட்டி பழைய பேப்பர் கடையில கெடைச்சதுன்னு எழுது. மத்ததை நான் பாத்துக்கறேன். உங்கம்மா திங்கக்கிழமை வரலாம். முப்பத்திரண்டு பேரும் வரலாம்."

"அம்மா வேணாம்னு சொன்னாங்க சார்."

"அம்மா சொல்லுவாங்க. நல்லவங்க. ஒரு நாள் லேட்டா வந்ததில்லை." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் கட்டாயப்படுத்தலை. டீ குடிக்கறியா?"

டீ வந்தது. ஆறியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் தளம் தெரிந்தது. மற்ற வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாம் வரிசையில் மிஷின்களுக்கு உறை போட்டு மூடியிருந்தார்கள். கீழ்வீட்டு அத்தை துடைப்பம் வைத்துக்கொண்டு, பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

உலகம் எழுதினாள். அழுதுகொண்டு எழுதினாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அழவில்லை. தேர்வில் எழுதுவதுபோலத் தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். பிறகு மேனேஜர் சொன்னபடி அதையே கல்லூரி மெயிலிலிருந்து அந்தக் கம்பெனிக்கும் அனுப்பினாள். வெளியே வந்ததும் மாமா கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"எழுதிட்டேன் மாமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனுஷர், பஸ்ஸில் ஏறும்போது, "முன்னாடி போய் உக்காரு, பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்" என்றார்.

சொன்னபடியே திங்கட்கிழமை அம்மாவைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசரே போன் செய்தான். அம்மா அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மாலையில் வந்து மூச்சுவிடாமல் பேசினாள். மிஷின் கொஞ்சம் அடம் பிடித்ததாம். ஜிப் புது நிறமாம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லையாம்.

"பாத்தியாடி. நான் என்ன சொன்னேன்? நிஜத்தைச் சொல்லிட்டு நிமிர்ந்து நின்னா ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது. நீ மட்டும் பயந்துபோய் ஏதாவது எழுதிக் குடுத்திருந்தேன்னு வை, நான் எந்த முகத்தோட உள்ள போயிருப்பேன்?"

"ஆமாம்மா" என்றாள் மகள். மாமா எழுந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஒழுங்கானவர்கள். எந்த மெயிலில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே ஒரு பதில் போட்டுவிடுவார்கள். உங்கள் மாணவி தான் எழுதியது கற்பனை என்று ஒப்புக்கொண்டுள்ளார், உங்கள் கவனத்துக்காக என்று இரண்டு வரி, அவள் எழுதியதையும் இணைத்து, சாவியக்காவின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. சாவியக்காவால் அதை மறைக்க முடியவில்லை. வந்த கடிதத்துக்கு வரிசை எண் போட்டு ஐந்து துறைக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினாள்.

தேர்வு முடிவு வந்த அன்று பலகையில் எல்லோர் பெயருக்கு எதிரிலும் மதிப்பெண் இருந்தது. அவள் பெயருக்கு எதிரில் "நிறுத்தி வைப்பு" என்று இருந்தது. தேறவில்லை என்று போட்டால்கூட அடுத்து என்ன என்று யோசிக்கலாம். ஐந்து துறையும் கூடி முடிவெடுக்க வேண்டுமாம். கூட்டத்தைக் கூட்ட வேண்டியது பொறுப்பாளராம். பொறுப்பாளர் யார் என்கிற ஆணை இன்னும் வரவில்லையாம்.

சாவியக்கா அவளைத் தனியாக அழைத்து ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் அச்சடித்த கேள்வி ஒன்றுதான். ஆய்வில் எழுதியது உண்மையா, கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது உண்மையா, இரண்டில் ஒன்றைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடவும்.

"கம்பெனிக்கு எழுதினது உண்மைன்னு போட்டா?" என்று கேட்டாள்.

"ஆய்வுல பொய் எழுதினேன்னு ஆயிடும். படிப்பு போச்சு."

"ஆய்வுதான் உண்மைன்னு போட்டா?"

"அந்தக் கம்பெனிக்கு இங்கேர்ந்து ஒரு நகல் போகும். அவங்க எழுதினதுக்குப் பதில் போடணும்ல." சாவியக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் அனுப்பாம இருந்தா என் வேலை போயிடும் கண்ணு."

"எத்தனை நாள் டைம் இருக்கு அக்கா?"

"கூட்டம் எப்ப நடக்கும்னு தெரிஞ்சாத்தானே நாள் சொல்ல முடியும்? வெச்சுக்கோ. அவங்க கேக்கும்போது குடு."

அவள் அதை மடிக்காமல், ஒரு நோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா மூடி கழற்றியபடி இருந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. தாளின் அடியில் கையெழுத்துக்கு விட்ட கோடு மட்டும் தெரிந்தது.

"என்னடி பேப்பர்?"

"காலேஜ் பேப்பர்மா. ஒரு கையெழுத்துப் போடணும்."

"போட வேண்டியதுதானே. அதுக்கு என்ன இவ்வளவு யோசனை?"

"போடறேன்மா."

"இன்னிக்கே போட்டுக் குடுத்துடு. தள்ளிப்போட்டா அங்க எவளாவது தொலைச்சிடுவா. அப்புறம் நீதான் அலையணும்" என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலை வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டு அம்மா படியில் வேகமாக இறங்கினாள்.